நாக்கு இல்லாத மணி

அந்தக் கடலோர ஊரில் பார்ப்பதற்கென்று இருந்தவை உப்புக் கிடங்கு ஒன்று, மணிக்கோபுரம் ஒன்று, கடலுக்குள் தள்ளி நிற்கும் ஆமைப்பாறை. கிடங்குக்குக் கூரையும் கிடையாது. இதை வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்கப் பேச ரேடியோக்காரியால்தான் முடியும். வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது அவள் பிழைப்பு. ஓயாத வாயால் வந்த பெயர் அது.

நீர் வற்றினால் பாறைக்கு மணல்மேலேயே நடந்து போகலாம். திரும்புவதில்தான் வினை. கரைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பள்ளம் சத்தமில்லாமல் முதலில் நிறையும், பாறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் மணி வைத்தார்கள். பள்ளத்தில் நீர் ஏறினால் காவல்காரர் அடிப்பார், எல்லாரும் ஓடி வருவார்கள்.

"மணி அடிக்கிற வரைக்கும் பாறையில பயமே இல்லைங்க. இது ஒருதடவைகூட ஏமாத்தினதில்ல" என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். அவள் மகள் தவழ்ந்த வயதிலிருந்து கேட்ட கதை இது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு காவல்காரரும் இல்லாமல் போனார். ரேடியோக்காரியே நீரைப் பார்த்துத் தன் ஆட்களை அழைத்து வந்துவிடுவாள். மணிக்கயிறு படம் பிடிக்கத்தான். ஆளாளுக்கு இழுத்து அடித்து அவள் பேச்சைக் கெடுக்கிறார்கள் என்று பஞ்சாயத்தில் சண்டை போட்டு, போன மாதம்தான் மணியின் நாக்கைக் கழற்றவைத்திருந்தாள். ஜெயித்த பெருமை இன்னும் அடங்கவில்லை.

கல்யாணமான பிறகு முதல்முறையாக மகள் கணவனோடு வந்திருந்தாள். அவருக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று சாப்பிட்ட கையோடு கிளம்பினாள். வெயிலாக இருக்கிறதே என்று மஞ்சள் குடையை எடுத்துக் கொடுத்த ரேடியோக்காரி, எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கோபுரத்தில் ஒரு கூட்டம் காத்திருந்தது.

கதை பாதியில் இருந்தபோது பள்ளம் பளபளத்தது. பழகிய கண் தானாகப் பாறைக்குப் போனது. அங்கே மஞ்சள் குடை.

அவள் பாய்ந்து கயிற்றை இழுத்தாள். எட்டாத உயரத்தில் மணி ஆடியது, ஆடியது, அவ்வளவுதான். பாறையில் செல்போன் எடுக்காது. கத்தினாள், எதிர்க்காற்று குரலை அவள் முகத்திலேயே அடித்தது. கதையில் இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்து, கூட்டம் ரசித்துப் படம் பிடித்தது.

"யாராவது படகுக்கு ஓடுங்களேன். அது என் பொண்ணு" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

படியிறங்கி மணலில் ஓடினாள். பள்ளத்தில் கால் வைத்ததும் நீர் இடுப்புக்கு வந்தது, இழுத்தது. அப்பால் மகள் அவளைப் பார்த்துவிட்டாள். சந்தோஷமாகக் கையாட்டினாள். பிறகு கோபுரத்தை ஒருதரம் பார்த்தாள், கணவனிடம் ஏதோ சொன்னாள். மணிதான் இன்னும் அடிக்கவில்லையே. இருவரும் குடையைச் சாய்த்து வைத்து, அந்த நிழலில் சாவகாசமாக உட்கார்ந்தார்கள்.