நாலாவது கோடு

போர்க்காலத் தடையால் பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வராத தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மாரி. அடுப்படிக்குள் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய சயிக்கிளைப் பஞ்சலிங்கம் மிதிக்க, டைனமோவில் அவர் மனைவி சுகிர்தமலரின் கல்குலேற்றர் உயிர்பெற்றது. வடிகால் பொறியியலாளரான அவள், ஆற்றின் சரிவையும் அகலத்தையும் மழையையும் கணக்கிட்டு, வெள்ளம் ஏறப்போகும் எல்லையை வரைபடத்தில் சிவப்பாக இழுத்தாள். காலையில் போட்ட மூன்று கோடுகளிலும் வழுக்கையாறு சொல்லிவைத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றதை அவளே போய்ப் பார்த்திருந்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“நாலாவது கோடும் வந்திட்டுது! வெள்ளம் எங்கடை அடுப்படி வரைக்கும் வரும்!”

“அதுக்கேனப்பா சிரிக்கிறீர்? எப்ப வரும்?” திகைத்த பஞ்சலிங்கம் மிதிப்பதை நிறுத்தினார். இலக்கங்கள் அணைந்தன.

“ஐயோ, மிதியுங்கோ! அந்த நேரத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்!”

அவர் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். சளக்கென்றது.

“இனி மிதிக்கத் தேவையில்லை,” என்றார்.