வில்லங்கத்தில் இல்லாத பெயர்

ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டராக இருக்கும் கயல்விழி, சௌந்தரவல்லி அம்மாவின் வீட்டை வாங்கப் பத்திர ஆபீசுக்கு வந்திருந்தாள். அந்த அம்மாவின் கொழுந்தனார் துரைவேலு வாசலிலேயே மறித்தார்.

"எங்க வயல்ல நாத்து நட்டவங்க மக எங்க தெருவுல குடியேறுறதா? பங்காளி நான் சம்மதிக்காம வீட்டை விக்க முடியாது."

கயல்விழி குரலைத் தாழ்த்தவில்லை.

"முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன். அதுல உங்க பேரே இல்லீங்க. இது அவங்க சொந்தமா வாங்கின வீடு. வழி விடுங்க."

சௌந்தரவல்லி அம்மா கொழுந்தனாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வா கயலு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

பத்திரம் பதிவானது. மறுநாளே கயல்விழி பால் காய்ச்சிக் குடிபுகுந்தாள். தெருவில் பல கதவுகள் சாத்தியிருந்தன. அவள் தன் கதவை அகலத் திறந்து வைத்து, பெயர்ப்பலகையைத் தானே சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.