மகளின் பெஞ்சுக்குப் பின்னால்

மறுதேர்வு ஹாலுக்குள் இங்கிலீஷ் டீச்சர் கால் வைத்ததுமே கணக்கு வாத்தியார் காதைக் கடித்தார்.

"மூணாவது பெஞ்சுல உங்க வாரிசு. ஆள் பத்தாதுன்னு உங்களையே காவலுக்குப் போட்டுட்டாங்க. பாத்து டீச்சர், நீங்க இருமினாக்கூட பதில் சொல்லிக் குடுத்தீங்கன்னுடுவாங்க."

"சும்மா இருங்க சார். நானே பயந்துபோய் இருக்கேன்."

பயம் இருக்காதா பின்னே? ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை பேசினாலும், ஒரு ஜாடை காட்டினாலும் மகளின் பேப்பர் செல்லாது. தேறாவிட்டால் சிட்டு மறுபடியும் ஏழாம் வகுப்பு. தோழிகள் எல்லாம் எட்டுக்குப் பறந்துவிடுவார்கள். "அப்புறம் நான் ஸ்கூல் பக்கமே வரமாட்டேன்" என்று நேற்றே அழுது தீர்த்துவிட்டாள்.

போன தடவை அவளைக் குப்புறத் தள்ளிய கேள்விதான் இன்றைக்கும். இங்கிலீஷ் வாக்கியத்தில் கோடிட்ட பகுதி ஃபிரேஸா, கிளாஸா (clause)? செயலும் அதைச் செய்கிறவரும் உள்ளே இருந்தால் கிளாஸ். இல்லாவிட்டால் வெறும் சொற்கூட்டம், ஃபிரேஸ். வீட்டில் கரடியாகக் கத்தியிருந்தாள் டீச்சர்.

மூன்றாவது பெஞ்சைத் தவிர்த்துத் தவிர்த்து நடந்தாள். பெற்ற மனம் கேட்குமா? சிட்டுவின் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்': கிளாஸ். சரி!

'அண்டர் தி ஓல்ட் பிரிட்ஜ்': ஃபிரேஸ். அதுவும் சரி!

பக்கம் முழுக்கச் சரி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கால்கள் அங்கேயே வேரோடிவிட்டன.

சிட்டுவின் பேனா நின்றது. கழுத்து விறைத்தது. முதல் விடையின் மேல் சரக்கென்று ஒரு கோடு. கிளாஸ் போய் ஃபிரேஸ் வந்தது.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் இதுதானே வழக்கம்! திட்டினால் சிட்டு மூக்கைச் சிந்துகிறாளே என்று, விடையில் தப்பைப் பார்த்தால் பின்னால் போய்ப் பேசாமல் நிற்பாள். மகள் தானே தேடித் திருத்தியதும் நகர்ந்துவிடுவாள்.

இப்போது நின்றால் அடுத்த விடையும் அடிபடும். நகர்ந்தாலோ, திருத்தியதுதான் சரி என்றாகிவிடும். அடி பாவி, வாயைத் திறக்க முடியாதே! வாசலில் ஹெட்மாஸ்டரின் கண்ணாடி பளபளத்தது.

இரண்டாவது விடையும் போனது. மூன்றாவதும். தாங்க முடியாமல் டீச்சர் ஜன்னல் பக்கம் ஓடினாள். பின்னால் சிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விடுவது கேட்டது.

மணி அடித்தது. கணக்கு வாத்தியார் பேப்பர்களை வாங்கிக் கட்டி, ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தார்.

வராந்தாவில் சிட்டு ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேம்மா. நீ மட்டும் வந்து நிக்கலைன்னா, எல்லாத்தையும் தப்பாவே விட்டிருப்பேன்!"

டீச்சர் அந்தச் சிரித்த முகத்தையே பார்த்தாள்.