மேகத்துக்கும் எடை போட்டார்கள்

ஊட்டியில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஊரே என் கட்சிக்கு வந்துவிடும். தடுக்கி விழுவார்கள், ஆளை மாற்றிக் கூப்பிடுவார்கள், எதிரில் வருவது பஸ்ஸா லாரியா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் இருக்காது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்கிற வரைக்கும் என் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் பிறவியிலிருந்தே ஒன்றும் தெரியாது. அதனால் அந்த மாதிரி நாட்களில் வெலிங்டனில் பஸ் ஏறும்போதே எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். "ஸ்டெபி, கையப் புடிச்சுக்கட்டுமா?" என்று கேட்கிறவர்களிடம், "உங்களுக்கு வேணும்னாப் புடிச்சுக்குங்க" என்பேன்.

பரீட்சை நாளும் அப்படித்தான் விடிந்தது. பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டில் நான் எழுத வேண்டியிருந்த கடைசித் தாள் அது. சென்ற முறை கோட்டை விட்ட தாளும் அதுதான். இந்தத் தடவை தேறினால் கோயம்புத்தூரில் எம்.ஏ. இடம் இருந்தது. தேறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

சென்ற முறை ஏன் தவறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத மாணவிக்குச் சொல்லச் சொல்ல எழுத ஒருவர், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதல், தனி அறை எல்லாம் சட்டப்படி உண்டு. எழுதுகிறவரைக் கல்லூரியில் ஸ்க்ரைப் என்பார்கள். அந்தத் தடவை அன்று காலையில் யாரோ ஒருவரைப் பிடித்து வந்து உட்கார வைத்தார்கள். நான் ஒன்று சொல்ல, அவர் அதைச் சுருக்கித் தனக்குச் சரியென்று பட்டதை எழுதிவைத்துவிட்டுப் போனார். விடைத்தாள் நகல் வாங்கி வீட்டில் அப்பா படித்துக் காட்டியபோது அதில் என் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இது போதாதென்று வகுப்பில் சசிரேகா வேறு, "உனக்கென்னப்பா, எழுதறதுக்கே ஆளு தர்றாங்க" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அதற்குப் பிறகு முதல்வர் அறைக்கு நடையாய் நடந்து, எனக்கு வேண்டிய ஸ்க்ரைபை நானே கேட்டு வாங்கினேன். என் பாடத்தைப் படிக்காதவராக, எனக்குக் கீழ் வகுப்பில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. பி.காம். முதலாம் ஆண்டு சுகுணா இரண்டுக்கும் பொருந்தினாள். குன்னூர் தாண்டி, கோத்தகிரி சாலையில் ஓர் எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றிலிருந்து, வருகிறவள். அவளிடம் ஒரே நிபந்தனை வைத்தேன்.

"நான் தப்பாச் சொன்னாத் தப்பாவே எழுதோணும். ஒரு எழுத்து நீயாச் சேக்கக் கூடாது."

"சரிங்கக்கா" என்றாள்.

பாடங்களை எனக்கு வாசித்துப் பதிவு செய்து அனுப்பியதும் அவள்தான். எங்கள் பாடப் புத்தகம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த ஜெராக்ஸ். போனில் இருக்கிற வாசிக்கும் செயலி அதைப் பார்த்தால் உளற ஆரம்பித்துவிடும். சுகுணாவின் குரல் உளறாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வாசிப்பாள். அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், ஒரு கோழி ஓயாமல் யாரையோ குறை சொல்லிக்கொண்டிருக்கும். நான் கட்டிலில் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கேட்பேன். கேட்கக் கேட்க வெலிங்டன் வீடு எங்கோ நழுவிப்போய், அந்த மழைக்குள் நான் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

அதிலும் மூன்றாவது பாடத்தில் ஓரிடம் எனக்கு உயிர். நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் வந்த கதை. வறண்ட வாக்கியங்களாக நடந்துகொண்டிருந்த பாடம் திடீரென்று மென்மையாகிவிடும். 'முதல் ஆட்கள் மலையேறி வந்தபோது மேகம் அவர்களுடைய கூடைகளில் வந்து உட்கார்ந்தது. இறக்கிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எடை போடும் இடத்தில் மேகத்துக்கும் எடை போட்டார்கள். போட்டு, அதைக் கூலியில் கழித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மலையில் எல்லாரும் கொஞ்சம் மேகத்தைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.' இப்படி எழுதத் தெரிந்தவர் இந்தப் புத்தகத்தில் எப்படி வந்து மாட்டினார் என்று வியந்து வியந்து, அந்தப் பகுதியை எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

எங்களுக்குத் தந்த அறை நூலகத்தை ஒட்டி இருந்தது. பழைய மேசைகளை அடுக்கி வைக்கிற இடம். ஜன்னல் சரியாகச் சாத்தாது. அந்த இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து என் புறங்கையில் ஈரமாகப் படிந்தது. யூகலிப்டஸ் வாசனையும் வந்தது. மேற்பார்வைக்கு வேதியியல் துறை தனசிங் சார். கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆரம்பிக்கலாமுங்க" என்றார்.

சுகுணா கேள்விகளை வாசித்தாள். பெரிய கேள்வி என் செல்லப் பாடத்திலிருந்தே வந்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் வாழ்நிலையை விவரிக்கச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை முடித்தேன்.

நான் சொல்வேன், அவள் பேனா என் பின்னாலேயே வரும். கொஞ்ச நேரத்தில் நான் பேசுகிறேன் என்பதே மறந்துபோகும். எங்கோ ஒரு குரல் போய்க்கொண்டிருக்கும், காகிதத்தில் பேனா உரசுகிற சத்தம் அதற்குத் துணையாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் நான் மிதந்துகொண்டிருப்பேன். அன்று குளிரும் சேர்ந்துகொண்டது. பெரிய கேள்விக்கு வந்தபோது அரைத் தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரித்தான் இருந்தேன்.

"முதல் ஆட்கள் மலையேறி வந்தபோது மேகம் அவர்களுடைய கூடைகளில் வந்து உட்கார்ந்தது..."

பேனா நின்றுவிட்டது.

"எழுது."

பேனா அசையவில்லை. சுகுணா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

"அக்கா..."

"ஏனுங்மா, அங்கென்ன பேச்சு?" என்றார் தனசிங் சார். "எழுதறவங்க வாயத் தொறக்கக் கூடாதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவளும் ஆரம்பித்துவிட்டாளா, என் பதிலைத் திருத்த! என்ன நிபந்தனை போட்டேன், என்ன செய்கிறாள்! குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக அழுத்தி மறுபடியும் சொன்னேன். பேனா மெதுவாக நகர ஆரம்பித்தது. கூடை, எடை, கூலி, மேகம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சுகுணா பாடத்தில் எங்கெங்கே நிறுத்தினாளோ அங்கங்கே நானும் நிறுத்தினேன். எங்கே இழுத்தாளோ அங்கே இழுத்தேன். மனப்பாடம் என்றால் எனக்கு அப்படித்தான். ராகத்தோடு சேர்ந்தே வரும்.

அப்போதுதான் என் குரலை நானே கேட்டேன். 'கழித்துக்கொண்டார்கள்' என்பதில் கடைசி எழுத்து நீண்டு, தேய்ந்து, மூச்சோடு மூச்சாகக் கரைந்துபோயிற்று. எந்தப் பாடத்திலும் அவள் அப்படி வாசித்ததில்லை. அது வாசிக்கிறவள் குரலே இல்லை, தூங்குகிறவள் குரல்.

அந்தப் பதிவு முழுதும் மனசுக்குள் மறுபடி ஓடியது. அந்த இடத்துக்கு முன்னால் குரல் தளர்ந்துகொண்டே வரும். வார்த்தைகளுக்கு நடுவில் மழை அதிகமாகக் கேட்கும். மேகமெல்லாம் முடிந்ததும் ஒரு நீண்ட இடைவெளி. பிறகு சட்டென்று பளிச்சென்ற குரலில் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆரம்பிப்பாள். நடுவில் எத்தனை பக்கம் போயிற்றோ! சுகுணா வாசித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். தூங்கிக்கொண்டே தன் கனவை வாசித்திருக்கிறாள். நான் அதை வரலாறு என்று நம்பிப் பல்கலைக்கழகத் தேர்வில் எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன்.

யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

எழுத வைத்ததை அடிக்கச் சொல்லிவிடலாம். அடித்துவிட்டு என்ன சொல்வது? அந்த இடத்தில் புத்தகம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவள் தூங்கிய பக்கங்களை நான் கேட்டதே இல்லை. கோயம்புத்தூர் கண்ணெதிரே கரைந்துபோவது போலிருந்தது. அழுகை வந்தது. தனசிங் சார் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சார், நேரம்?"

"கூடுதல் நேரம் இப்பத்தான் தொடங்குதுங்க. பதறாமப் பண்ணுங்க."

முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அந்த மேகத்தையே நினைத்தேன். கனவு என்றாலும் சும்மாவா வரும்? மேகத்துக்கு எதற்கு எடை போட வேண்டும்? எதற்குக் கழிக்க வேண்டும்? மழைக்காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் சுகுணா முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. "அம்மா பறிச்சத நனஞ்ச கொழுந்துன்னு எடையில கழிச்சுட்டாங்கக்கா. எவ்வளவுன்னு கேட்டா ஆரும் சொல்றதில்ல." நான் அப்போது இயர்போனைப் பாதி மாட்டியிருந்தேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மீதியையும் மாட்டிக்கொண்டேன்.

"மேகம்னு ஆரம்பிச்சதிலிருந்து எல்லாத்தையும் அடிச்சிரு" என்றேன்.

பேனா வரி வரியாக இழுபட்டது. எனக்கு மிகவும் பிடித்த வரிகள். ஒவ்வொன்றாகப் போயின.

பிறகு சொல்ல ஆரம்பித்தேன். மழையில் பறித்த இலைக்கு ஈரம் என்று எடை கழிக்கப்பட்டதை, எவ்வளவு கழிப்பது என்பதைப் பறித்தவர் முடிவு செய்ய முடியாமல் போனதை, மலையில் வருஷத்தில் பாதி நாள் ஈரம்தான் என்பதைச் சொன்னேன். யாருடைய ராகமும் இல்லாமல் தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு வாக்கியமாகத் தோண்டி எடுத்தேன். சுகுணாவின் பேனா இந்த முறை எங்கும் நிற்கவில்லை.

முடிவைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் தவிக்கவிட எனக்கு விருப்பமில்லை. தேறிவிட்டேன். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை, ஆனால் கோயம்புத்தூர் போதும் என்றது. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று எனக்கு அது தெரியாது. திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு சுகுணாவோடு குன்னூர் பஸ்ஸில் ஏறினேன்.

நான் தொடங்கும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

"அது புஸ்தகத்துல இல்லீங்கக்கா. என் கனா. நீங்க சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிஞ்சுது. சீசன்னு அன்னைக்கு ஞாயித்துக்கெழமையும் அம்மா கூடக் கொழுந்து பறிக்கப் போயிட்டு வந்து உக்காந்தேன். கண்ணு சொக்கிருச்சு. திருப்பிக் கேக்காம அப்படியே அனுப்பிட்டேனுங்க. இனிமே வேற ஆரையாச்சும் வெச்சுக்குங்கக்கா. நான் லாயக்கில்ல."

வழக்கமாக அவள் போகிற ஒரு மணி பஸ் எப்போதோ போயிருக்கும் என்பதுதான் நினைவுக்கு வந்தது. கல்லூரி எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்தது. அதை யாரிடமிருந்து எடுத்துத் தந்தது என்று நான் யோசித்ததே இல்லை. நான்கு மணி நேரம் எழுதியது அவள் கை. அந்தக் கையைத் தேடிப் பிடித்தேன். விரல்கள் விறைத்து, பேனா பிடித்த மேனிக்கே மடங்கியிருந்தன.

"நாளைக்கும் வேலைக்குப் போகோணுமா?"

"ஆமாங்கக்கா. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கோணும்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெளிச்சம் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"அந்தக் கனால அப்புறம் என்னாச்சு?" என்றேன்.

"கனாலயா?" சுகுணாவுக்குச் சிரிப்பும் கொட்டாவியும் சேர்ந்து வந்தன. "மேகம் கூடைய விட்டு எறங்க மாட்டேன்னுச்சுங்க. எல்லாரும் சுத்தி நின்னு கூப்புட்டாங்க. எங்கம்மா போயி அதோட தலையத் தடவி... தடவி..."

குரல் தேய்ந்தது. தலை என் தோளில் விழுந்தது. கனமான தலை. நான் அசையாமல் உட்கார்ந்தேன். தூக்கத்தில் ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தேன். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அருவங்காடு வந்து போயிற்று. பஸ் மெதுவாக நின்றது.

"வெலிங்டன்! வெலிங்டன் எறங்குங்க!"

நான் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் பக்கத்தில் வந்தார். தினமும் பார்க்கிறவர்.

"ஏனுங்மா, உங்க ஸ்டாப்புங்க. எறங்கலீங்களா?"

"குன்னூர்ல எறங்கிக்கறேனுங்க" என்றேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. புள்ள தூங்குறா."