காய்ச்சல் இருந்தது

வாசுகி பேசுவாள், மதிவாணன் பக்கத்தில் நிற்பான். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். பாசிர் கூடாங் இரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து களைத்து வரும் அவனுக்கு அது வசதியாகவே இருந்தது. அவளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுகூட, டாக்டரிடம் கேள்வி கேட்டவள் அவள்தான்.

இரண்டாவது கீமோ முடிந்த மறுவாரம், ஒரு காலையில் அவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தான். கொதித்தது.

"பனடோல் மாத்திரை போட்டுட்டேங்க. கொஞ்சம் தூங்குனா சரியாயிடும்."

காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்று கீமோ கொடுத்த தாதி சொல்லியிருந்தார். அவளைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினான்.

அவசரப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. முகப்பில் இருந்த தாதி அவள் நெற்றியில் வெப்பமானியைக் காட்டிப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே," என்றார் மலாயில். "நம்பர் கூப்பிடற வரைக்கும் உட்காருங்க."

"கீமோ..." என்று மதிவாணன் தொடங்குவதற்குள் தாதி அடுத்தவரை அழைத்துவிட்டார்.

இருமிக்கொண்டிருந்தவர்களை விட்டு விலக்கி, கதவோர நாற்காலியில் அவளை உட்காரவைத்தான். சற்று நேரத்தில் அவள் பேச்சு குழறியது. அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டாள். பதில் சொன்ன பிறகும் அதையே கேட்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. திரையில் எண்கள் மெதுவாக நகர்ந்தன. அவர்கள் எண் இன்னும் தொலைவில் இருந்தது. வழக்கம்போல், அவள் பேசுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தான். கண்கள் சொருகியிருந்தன.

எழுந்து முகப்புக்குப் போனான். காவலர் கையை நீட்டி மறித்தார். வரிசையில் ஒருவர், "எல்லாருக்கும்தான் அவசரம்," என்று முணுமுணுத்தார். காதுமடல் சூடாகியது. ஆனாலும் நகராமல், தாதியைப் பார்த்து மலாயில் சொன்னான்.

"மிஸ்ஸி, என் மனைவிக்குக் கீமோ நடக்குது. வீட்டுல நல்ல காய்ச்சல் இருந்துச்சு. பனடோல் போட்டதால உங்களுக்குத் தெரியலை. இப்ப உளறுறாங்க. நீங்க வந்து பார்க்கிற வரைக்கும் நான் இங்கேயிருந்து போக மாட்டேன்."

குரல் உயரவில்லை, நடுங்கியது. தாதி நிமிர்ந்து பார்த்தார். இரத்த அழுத்தக் கருவியோடு வெளியே வந்தவர், வாசுகியின் அழுத்தம் மிகவும் இறங்கியிருப்பதைப் பார்த்து, உள்ளே திரும்பித் தள்ளுகட்டில் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லோஷினி என்ற இளம் டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வெள்ளையணு ரொம்பக் குறைஞ்சிருக்கு. கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்னு நினைக்கிறோம். மருந்து ஏத்தியாச்சு."

"பிழைச்சுக்குவாங்களா டாக்டர்?"

"இப்பச் சொல்ல முடியாது அண்ணா. இன்னும் தாமதமாயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்."

மாலையில் இரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. அதன் பிறகுதான் அவன் தண்ணீர் குடித்தான்.

சில நாள் கழித்து, வாசுகி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது புற்றுநோய் டாக்டர் வந்தார். அடுத்த கீமோவைத் தள்ளிப்போடலாம் என்று மதிவாணனைப் பார்த்துச் சொன்னார்.

"டாக்டர், என்னைப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் வாசுகி. குரலில் இன்னும் பலமில்லை. "தள்ளிப்போட்டா நோய் கூடுமா? மறுபடி இப்படி வராம இருக்க என்ன செய்வீங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு விளக்கினார். அவள் கேட்டு முடிக்கும்வரை மதிவாணன் காத்திருந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு கேக்கணும் டாக்டர்," என்றான்.