இடமிருந்து வலம்

அப்பாவின் மூக்குக்கண்ணாடியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சின்னவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஆறு வருடமாக அவன் கைபடாத கம்ப்யூட்டர். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில் காபி ஆறிப்போகிறதே என்று அக்கா எழுப்பப் போனபோதுதான் அவர் போய்விட்டது தெரிந்தது. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் பேப்பருக்கு ஒரு படம் அனுப்பியாக வேண்டும்.

"சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கான்னு பாரு," என்றார் அக்காவின் கணவர், கதவருகில் நின்றபடி. "எங்கிட்ட இருக்கிற எல்லாத்துலயும் மாமா பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறார்."

முப்பது வருடம் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவர் அப்பா. சிரிப்பைக்கூட நேரம் பார்த்துத்தான் விடுவார்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து, இரண்டு கோப்புறைகளை ஒப்பிட்டு ஒன்றுபோல ஆக்கும் அந்த மென்பொருளும் தானாகத் திறந்துகொண்டது. இடப்பக்கம் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புறை, வலப்பக்கம் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்புறை, நடுவில் அம்புக்குறிகள்.

இதை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோய்ப் புதிது வாங்கிய நாள். டிஸ்கில் இருந்த படங்களைப் புதியதில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவனோ புதியதின் காலிக் கோப்புறையை இடப்பக்கம் வைத்து, இது எப்படியோ அப்படியே வலப்பக்கத்தையும் ஆக்கு என்று சொல்லிவிட்டான். மென்பொருள் சொன்னதைச் செய்தது. நாலே நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டன. இரண்டும் காலி. அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. போனதெல்லாம் அம்மாவின் படங்கள்.

அப்பா திட்டவில்லை. "எங்கேருந்து எங்கே போகுதுன்னு பார்த்துட்டுல்ல வண்டியை எடுக்கணும்," என்றார். பிறகு, "சரி விடு," என்றார். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் அவனை விடவில்லை. இவனும் படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறான்.

வலப்பக்கக் கோப்புறையைக் காணவில்லை என்றது திரை. டிஸ்க் செருகப்படவில்லை. இழுப்பறையைத் திறந்தான். டிஸ்கின் அடியில் ஓரம் மடங்கிய காகிதக் கட்டு ஒன்று இருந்தது. அன்று எதையெல்லாம் அழித்தேன் என்று மென்பொருள் எழுதி வைத்த பட்டியல். அப்பா அதை அச்செடுத்து வைத்திருக்கிறார். எல்லாம் அவர் வைத்த பெயர்கள். 'அவள், புதுக் கண்ணாடியுடன்.' 'சமையலறையில், கோபமாக.' 'குடை மறந்த நாள்.' முக்கால்வாசி வரிகளுக்கு எதிரே பென்சிலில் சின்னதாக டிக். பக்கத்தில் பொடி எழுத்து: பெரியவளின் பழைய ஃபோன். எதிர்வீட்டு டீச்சர். டிப்போ நண்பர்.

டிஸ்கைச் செருகினான். அம்மா வரிசையாக வந்தாள். ஒரு படத்தில் அப்பாவும் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை மட்டும் வெட்டி, பேப்பருக்குக் கொடுக்கச் சொல்லி அக்காவின் கணவரின் ஃபோனுக்கு அனுப்பினான். கூடத்தில் அக்காவின் கணவர், "அட, சிரிச்சிருக்காரே மனுஷன்," என்றது கேட்டது.

அக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். ஊர்ல ஒருத்தரை விடலை. யார் வீட்டுக்குப் போனாலும், பழைய ஃபோன் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் செருப்பையே கழட்டுவார்."

"எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"அவனே மறுகிட்டுக் கிடக்கான், முழுசா சேரட்டும், அப்புறம் காட்டிக்கலாம்னார்." அக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நான்தான் சொல்லியிருக்கணும்."

அவள் போனதும் டிக் இல்லாத வரிகளை மட்டும் விரலால் தேடிப் படித்தான். நாலாவது பக்கத்தில் விரல் நின்றது. 'தூக்கத்தில், மடியில் புத்தகம். சின்னவன் எடுத்தது.'

அந்தப் படம் அவன் ஃபோனில் இருந்தது. இத்தனை வருடமும் இருந்தது. ஃபோன் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டு வந்தான், யாரிடமும் காட்டியதில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பான். கேட்காமலே இவனும் கொடுத்திருக்கலாம். சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதான்.

"வண்டி வந்துடுச்சு," என்றார் அக்காவின் கணவர் வெளியிலிருந்து.

"ஒரு நிமிஷம்."

படத்தை ஃபோனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றி, அப்பா எழுதியிருந்தபடியே பெயர் வைத்தான். ஒப்பிடு என்று அழுத்தினான். ஒரே ஒரு வரி வந்தது. இடப்பக்கம் உண்டு, வலப்பக்கம் இல்லை. அம்பு இடத்திலிருந்து வலத்துக்கு. திரையில் விரலை வைத்து, எங்கேருந்து, எங்கே என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இன்னொரு தடவையும் பார்த்தான். பிறகு அழுத்தினான்.

மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பென்சில் கிடந்தது. அந்த வரிக்கு எதிரே டிக் போட்டான். அப்பாவுடையவை எல்லாம் ஒரே அளவில் சின்னதாக இருந்தன. இவனுடையது கொஞ்சம் பெரிதாக விழுந்து அடுத்த வரியையும் தொட்டது. அதை அழிக்காமல், காகிதத்தை டிஸ்கின் அடியிலேயே வைத்து இழுப்பறையை மூடிவிட்டு, தோள் கொடுக்கப் போனான்.