மேயரின் பன்சித்

கணவன் ரொடான்டே கப்பல் வேலையை விட்டு வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து பெர்லீட்டாவின் அடுப்படி அவள் கையில் இல்லை.

அவன் எண்ணெய்க் கப்பல்களில் தலைமைச் சமையல்காரனாக இருந்தவன். அந்த வேலையில் இருப்பவரை மாலுமிகள் ‘மேயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்த அழுத்தம் ஏறி, மருத்துவச் சோதனையில் தேறாமல், அக்டோபரில் பிலிப்பைன்ஸில் உள்ள சொந்த ஊரான ஹாரோவுக்குத் திரும்பிவிட்டான். அதுவரை வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போனவன். அவன் வரும்போதெல்லாம் பெர்லீட்டாதான் சமைத்துப் போடுவாள். அவன் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவான். இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகள் கிரெச்செல் மணிலாவில் நர்ஸ். ஆனால் ரொடான்டேவின் கைக்கு இரண்டு பேர் என்ற கணக்கே பிடிபடவில்லை. ஒருநாள் கொரியாக்காரர்களின் கண்ணாடி நூடுல்ஸ், மறுநாள் பினாங்கில் தின்ற பட்டை நூடுல்ஸ், அதற்கு மறுநாள் சீனர் பாணியில் மாட்டிறைச்சியும் பிராக்கோலியும். எது செய்தாலும் மலை மாதிரி குவியும். எது செய்தாலும் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கீரை குழைந்து, இறைச்சி சாம்பல் நிறத்தில் வெளுத்துக் கிடக்கும்.

“இது வதக்கலா, கொழம்பா?” என்று பெர்லீட்டா கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருக்கும்.

“இந்த அடுப்புல தீயே இல்ல பெர்லி. மெழுகுவத்தி வெச்சு சமைக்கிற மாதிரி இருக்கு.”

“இதே மெழுகுவத்தியிலதான் உன் பொண்ண வளத்தேன்.”

மறுநாள் வாணலி சரியில்லை என்பான். அதற்கு மறுநாள் முட்டைக்கோஸ் பிஞ்சாக இருந்துவிட்டது என்பான். மிச்சத்தை அவள் பக்கத்து வீட்டு நீமியாவுக்கு வேலிக்கு மேலாக நீட்டுவாள். முதலில் வாய் நிறையச் சிரிப்போடு வாங்கிக்கொண்ட நீமியா, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பாத்திரத்தைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க நாய்கூட இப்ப மூஞ்சியத் திருப்பிக்குது.”

ஜனவரியில் ரொடான்டே ஓட்டல்காரர்கள் வைத்திருக்கும் பெரிய இரைச்சல் அடுப்பு ஒன்றை வாங்கி வந்தான். பற்றவைத்ததும் விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம். முதல் நாளே சமையலறைக் கூரை கறுத்தது, ஜன்னல் திரையின் ஓரம் சுருண்டு கருகியது. பெர்லீட்டா அந்த அடுப்பைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் போட்டாள். அங்கும் அவன் விடவில்லை. அத்தனை தீயிலும் அவன் செய்த நூடுல்ஸ் களியாகத்தான் வந்தது, ஏனென்றால் ஒரு கூடைக் காயை ஒரே நேரத்தில் கொட்டினான். இதைச் சொன்னால், “கப்பலுக்கே சமைச்சவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா?” என்று முறைத்துக்கொள்வான்.

பிப்ரவரியில் காந்தலாரியா மாதா திருவிழா வந்தது. அன்றைக்கு ஹாரோவில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். காயும் கறியும் போட்டுப் புரட்டும் பன்சித் நூடுல்ஸ் இல்லாமல் திருவிழா மேசை கிடையாது. பெர்லீட்டாவின் பன்சித்துக்கு அந்தத் தெருவில் ஒரு பேர் உண்டு. காய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைவேக்காட்டில் வதக்கித் தனியே எடுத்து வைப்பாள். அந்த வாணலியிலேயே கோழி வேகவைத்த சாற்றை ஊற்றி, ஊறிய அரிசி நூடுல்ஸை அது குடிக்கிற வரைக்கும் புரட்டுவாள். காய்கள் கடைசியில்தான் சேரும்.

காலையில் பூசைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் நறுக்கி ஈரத்துணி போட்டு மூடினாள். வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னாள்.

“நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே. சொல்லிட்டேன்.”

“நான் எதுக்குத் தொடறேன்? நீ போய் ஜெபம் பண்ணிட்டு வா.”

கோயிலில் கூட்டம் அலைமோதியது. மாதாவின் சுரூபத்தைத் தொடுவதற்கு வரிசை நகரவே இல்லை. அவள் வியர்த்து வழிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது பின்கட்டில் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடினாள். வாணலியில் நூடுல்ஸ், கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி, இறால், கோழி ஈரல் எல்லாம் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. அதன் முன்னால் ரொடான்டே, படகு தள்ளுகிறவன் மாதிரி இரண்டு கரண்டிகளோடு போராடிக்கொண்டிருந்தான்.

“நேரமாச்சேன்னு ஆரம்பிச்சேன்,” என்றான்.

“அட மனுஷா!” கரண்டியைப் பிடுங்கித் தூக்கிப் பார்த்தாள். நூடுல்ஸ் இழையாக வரவில்லை. மொத்தமும் ஒரே உருண்டையாகக் கூடவே எழுந்து வந்தது. “சுவத்துக்குப் பூசறதுக்கா இது? நான் சொன்னது உன் காதுல விழுமா, விழாதா? இறால ரப்பராக்கிட்டியே, பாவி!”

“கொஞ்சம் ஆறினா பிரிஞ்சிடும்.”

“நீயும் நானும் வேணா பிரிஞ்சிடுவோம். இது பிரியாது!”

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மறுபடி செய்ய நூடுல்ஸும் இல்லை, நேரமும் இல்லை. பெர்லீட்டா பல்லைக் கடித்துக்கொண்டு தாம்பாளத்தில் கொட்டி, மேலே அவித்த முட்டை வில்லைகளையும் வெங்காயத்தாளையும் தூவி, சுற்றிலும் கலமான்சி எலுமிச்சைகளை அடுக்கி மறைத்தாள்.

வந்தவர்களில் ஜோவெனல் இருந்தான். ரொடான்டேவோடு ஒரே கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். வயிறு மேசையைத் தொட உட்கார்ந்து, பீர் ஒரு வாய், பன்சித் ஒரு வாய் போட்டவன், கண்ணை அகல விரித்தான்.

“மேயர்! அதே பன்சித்! கொஞ்சங்கூட மாறல!” என்று மேசையில் தட்டினான். “உங்களுக்குத் தெரியுமா? இன்ஜின் ரூம்ல பைப் ஒழுகினா, மேயர்கிட்ட ஒரு கரண்டி வாங்கி அடைச்சிடுவோம். கடல்ல கொட்டினா மீனுங்க திருப்பி மேல தள்ளிவிடும்!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீமியா புரையேறித் தண்ணீர் குடித்தாள். ரொடான்டேவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பரிமாறும் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்ததைப் பெர்லீட்டா பார்த்தாள்.

காலையிலிருந்து அவள் நாக்கு நுனியில் நின்ற வார்த்தைகள்தான் இவை. இதைவிட மோசமாகவே அவள் சொல்லியிருப்பாள். ஆனால் அதை ஜோவெனல் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது.

“ஏம்பா ஜோவெனல், அந்தக் கப்பல்ல நீ எத்தன வருஷம் இருந்தே?”

“ஆறேழு வருஷம் இருக்கும் அக்கா.”

“அத்தன வருஷமும் பட்டினியா கிடந்தே? இந்த வயிறு என்ன, காத்தக் குடிச்சு வளந்துச்சா?”

இப்போது சிரிப்பு ஜோவெனல் பக்கம் திரும்பியது. பெர்லீட்டா சிரிக்கவில்லை.

“புயல்ல நீங்க எல்லாரும் வாந்தியெடுத்துக்கிட்டுக் கெடந்தப்ப, இந்த மனுஷன் இடுப்பக் கயித்தால கம்பியோட கட்டிக்கிட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தார்னு போன தடவ இதே மேசையில உக்காந்து அழுதியே, அது யாரு? கடல் மீனா?”

ஜோவெனல் பாட்டிலைக் கீழே வைத்தான். “சும்மா தமாஷுக்குச் சொன்னேன் அக்கா. மேயர், தப்பா எடுத்துக்காதீங்க.”

“தமாஷுதானே? அப்ப இன்னொரு தட்டு சாப்பிடு.”

அவளே அள்ளி வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு எல்லோரும் பார்க்க உட்கார்ந்து தின்றாள். அது அண்ணத்தில் ஒட்டியது. கலமான்சியைப் பிழிந்து பிழிந்து விழுங்கினாள். தாம்பாளம் காலியாகிற வரைக்கும் யாரையும் அவள் எழ விடவில்லை.

பொழுது சாயும்போது கூட்டம் கலைந்தது. இருவரும் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தார்கள்.

“அவன நீ அப்படிப் பேசியிருக்க வேணாம்,” என்றான் ரொடான்டே. “அவன் சொன்னது நெசந்தானே.”

“நெசம்னு எனக்குத் தெரியாதா? மூணாவது வாய்க்கு மேல தொண்டையில இறங்கல.”

அவன் வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எண்ணெய்க் கப்பல்ல நெருப்பே வைக்க விடமாட்டாங்க பெர்லி. எல்லாம் கரண்டுல சூடாகிற தட்டு. கப்பல் ஆடும்கிறதால ஆழமான அண்டா வேற. அதுல எதப் போட்டாலும் வேகுமே தவிர வதங்காது. கரையில எறங்கினா ரோட்டோரக் கடைக்காரன் வாணலியில தீ எழும்பறதப் பாத்துக்கிட்டே நிப்பேன். அந்த வேலையில சேந்ததுலேருந்து என் சட்டிக்கு அடியில நான் நெருப்பப் பாத்ததில்ல.”

பெர்லீட்டா தேய்ப்பதை நிறுத்தினாள். ஒரு நொடி மனசு இளகியது. அடுத்த நொடியே பழைய எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது.

“இத அக்டோபர்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? அடுப்பக் கொற சொன்னே, வாணலியக் கொற சொன்னே, வாயில்லாத முட்டக்கோஸக்கூட விட்டு வைக்கல!”

“சமையல்காரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, உன்கிட்ட வந்து எப்படிக் கேக்கறது?”

“வாயாலதான்!”

மறுநாள் காலை அவள் அவனை அந்த இரைச்சல் அடுப்பின் முன்னால் நிறுத்தி, கையில் ஒரு பிடி முட்டைக்கோஸ் கொடுத்தாள். “இத மட்டும் போடு.” அவன் போட்டான். சர்ரென்று சீறி ஓரங்கள் சிவந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அவன் வாயைப் பிளந்து பார்த்தான். உடனே மற்றொரு கை கூடையை நோக்கிப் போனது. அவள் கரண்டியால் புறங்கையில் ஒன்று வைத்தாள். “மொதல்ல அத எடு. அப்புறம் அடுத்த பிடி.”

இப்படி அடித்தும் அதட்டியும் மதியத்துக்குள் இரண்டு பேருக்கு மட்டும், காய் மொறுமொறுவென்று, நூடுல்ஸ் இழை இழையாக ஒரு பன்சித் வந்தது. பெர்லீட்டா ருசி பார்த்தாள். குற்றம் சொல்ல இடமில்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் கடுப்பாக இருந்தது.

ரொடான்டே தட்டை வழித்துத் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

“ஞாயித்துக்கெழம ஜோவெனலச் சாப்பிடக் கூப்பிடலாமா?”

“கூப்பிடு. வரட்டும். வந்து இதத் தின்னு பாக்கட்டும்.”

“கூப்பிட்டுட்டேன். பழைய கப்பல்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிட்டேன். ஒரு இருபது பேர் வருவாங்க.”

பெர்லீட்டா கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் போட்டாள். இருபது பேருக்கு, பிடி பிடியாக.

“வெங்காயம் பூரா நீதான் நறுக்கறே,” என்றாள். “இப்பவே ஆரம்பி.”